காளத்திப் பாளையம்: ஐந்து மேலாட்சிகள் கண்ட ஒரு குடும்பம்

ரேணிகுண்டாவிலிருந்து ஸ்ரீகாளஹஸ்திக்குப் போகும் வழியில் இருக்கிறது ஏர்பேடு. அந்த வட்டாரத்தின் பழைய அதிகார மையம் சொர்ணமுகிக் கரையிலுள்ள காளத்தி, அதாவது ஸ்ரீகாளஹஸ்தி. அங்கே வேலமர் மரபினரான தாமர்லா நாயக்கர்கள் விஜயநகரம், கோல்கொண்டா, முகலாயர், ஆற்காட்டு நவாப், ஆங்கிலேயர் என்று ஐந்து மேலாட்சிகளைக் கண்டார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் கப்பம் போய்ச் சேர்ந்த இடம் மாறியது. கப்பத்தைத் திரட்டிக் கொடுத்த குடும்பம் மாறவில்லை. அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இக்குடும்பத்தின் பெயர் உலக வரலாற்றில் ஏறியது 1639 ஆகஸ்டில். விஜயநகர அரசரின் கீழ் கடற்கரைப் பகுதிகளை ஆண்ட தாமர்லா வேங்கடப்ப நாயக்கர், கோட்டை கட்டிக்கொள்ளும் உரிமையை கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேக்கு அளித்தார். பூந்தமல்லியிலிருந்த அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கர் இந்த ஏற்பாட்டுக்குத் துணை நின்றார். புதிய ஊருக்கு இவர்களின் தந்தை சென்னப்பரின் பெயர் வந்தது; அதுவே சென்னை. அன்றைக்குக் கொடுப்பவர் நாயக்கர், கேட்டு நிற்பவர் கம்பெனி.

நாயக்கரின் பிடியும் உறுதியானதல்ல. 1642இல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் ஸ்ரீரங்கர், வேங்கடப்பர் கோல்கொண்டாவோடு பேச்சு நடத்துகிறார் என்று ஐயுற்று அவருடைய செல்வாக்கைக் குறைத்தார். 1645இல் கம்பெனி தன் உரிமையை ஸ்ரீரங்கரிடமே புதுப்பித்துக்கொண்டது. அடுத்த ஆண்டிலேயே மீர் ஜும்லாவின் கோல்கொண்டாப் படை வந்துவிட்டது. 1687இல் கோல்கொண்டாவும் ஔரங்கசீப்பிடம் வீழ்ந்தது. பிறகு ஆற்காட்டு நவாப்புகள் தலையெடுத்தார்கள்.

நவாப்புகளுக்கு இந்த மலையடிவாரப் பாளையங்கள் தலைவலியாகவும் தேவையாகவும் இருந்தன. 1740இல் தாமல்செருவுக் கணவாயில் நவாப் தோஸ்து அலி மராட்டியரிடம் தோற்று உயிரிழந்தார். அத்தகைய வழிகளைக் காக்கவும் கிராமங்களில் வரி திரட்டவும் உள்ளூர்ப் பாளையக்காரரை விட்டால் ஆளில்லை. கர்நாடகப் போர்களை எழுதிய ராபர்ட் ஆர்ம், வேங்கடகிரி, காளத்தி, கார்வேட்நகரம் ஆகியவற்றின் பாளையக்காரர்களை வலுவானவர்களாகக் குறிப்பிடுகிறார். நவாப்பின் கை தளர்ந்தால் பேஷ்குஷ் என்ற கப்பம் தாமதமாகும்; படை வந்தால் கட்டிவிடுவார்கள்.

கம்பெனி இந்த விளையாட்டை முடித்தது. 1792 உடன்படிக்கையால் பாளையங்களின் கப்பத்தை நேரடியாக வாங்கும் உரிமை அதற்குக் கிடைத்தது. 1801இல் நவாப்பின் ஆட்சிப் பகுதியான கர்நாடகம் முழுதும் கைக்கு வந்தது. 1802இல் காளத்திக்கும் வேங்கடகிரிக்கும் நிரந்தர சன்னது, அதாவது உரிமைப் பட்டயம், கிடைத்தது. பேஷ்குஷ் தொகை நிலையாக நிர்ணயிக்கப்பட்டது. மேலாட்சிக்குப் படை அனுப்பும் கடமை பணமாக மாற்றப்பட்டது. படைத்தலைவர் ஜமீன்தார் ஆனார். சென்னையில் நிலம் கொடுத்த குடும்பத்துக்கு, நிலம் வாங்கிய கம்பெனியே பட்டயம் எழுதித் தந்தது. பணிய மறுத்த சித்தூர்ப் பாளையக்காரர்கள் 1804இல் கிளர்ந்தபோது அவர்கள் மீது படையே ஏவப்பட்டது.

அதே காலத்தில் ஐரோப்பாவிலும், காளத்தியாரைப் போல் ஆட்சி மாறியும் அதிகாரத்தில் இருந்த ஒருவர் உண்டு. 1794இல் பிரெஞ்சுப் படை கொலோன் நகரைப் பிடித்தது. நகரம் தன்னாட்சியாக இருந்தபோதே மேயராக இருந்த ஜெர்மானியப் பிரபு யோஹான் யாகோப் ஃபொன் விட்கென்ஸ்டைன், 1803இல் பிரெஞ்சு ஆட்சியின் கீழும் மேயரானார். அந்நியருக்கு ஊரை அறிந்த ஒருவர் தேவைப்பட்டார். ஆனால் விட்கென்ஸ்டைன் வகித்தது நியமனப் பதவி. காளத்தியாருடையது பரம்பரைச் சொத்து. அதனால்தான் ஆட்சியாளர் போன பின்பும் அது மகனுக்கும் பேரனுக்கும் போனது.

பாளையக்காரரின் பலம் அவரிடமிருந்த தகவலில் இருந்தது: எந்த ஏரி எவ்வளவு பாசனம் தரும், எந்தக் கணவாயை யார் காப்பது, எந்தக் கிராமத்தில் யார் சொல்லுக்கு மதிப்பு. மேலாட்சி மாறும்போதெல்லாம் புதியவர் அந்தத் தகவலுக்காகப் பழையவரை நாடினார். ஆங்கில ஆட்சியில் நில அளவைகளும் கணக்குப் பதிவேடுகளும் பெருகின. 1908ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன் குடியானவரின் சாகுபடி உரிமையை உறுதிப்படுத்தி, ஜமீனுக்குள்ளும் அரசின் பார்வையைக் கொண்டுவந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது காளத்தி அதில் சேர்ந்தது. ஆக, 1948இல் சென்னை மாகாண அரசு ஜமீன் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, குடியானவரிடம் நேரே வரி வாங்குவதற்கு ஜமீன்தாருடைய துணை தேவைப்படவில்லை. இழப்பீடு கொடுத்து எஸ்டேட்டுகளை ரயத்துவாரி என்ற அந்த நேரடி வரி முறைக்குள் கொண்டுவரச் சட்டம் வழிசெய்தது.