பிளாஸ்மிட் பன்மை ஆய்வுமுறைகள்

பாக்டீரியாக்களின் குரோமோசோமுக்குப் புறம்பாக நின்று, பெரும்பாலும் வளைய வடிவில் சுயமாகப் பெருகும் டி.என்.ஏ.க்களாகிய பிளாஸ்மிட்டுகளை ஒரு நுண்ணுயிர்ச் சமூகம் முழுவதிலும் ஆராய்வது எளிய காரியமன்று. ஏனெனில் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிற் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத்தில் வளர்வதில்லை. வளர்பவற்றுக்கு, 1979இல் பிர்ன்பாய்மும் டோலியும் வகுத்த காரமுறை இன்றும் பிரதானமானது: காரத்தில் இழைபிரிந்த டி.என்.ஏ.வுடன் அமிலத்தன்மையுள்ள உப்புக் கரைசல் சேர்ந்ததும், குரோமோசோம் சிக்குண்டு வெண்திரளாகப் படிய, சிறு வளையங்கள் மட்டும் பழைய உருவம் பெற்றுத் தெளிநீரில் தங்குகின்றன. வளராதவற்றுக்கு, மாதிரியின் மொத்த டி.என்.ஏ.யில் நேரிழைகளை நொதியால் சிதைத்து, எஞ்சிய வளையங்களை ஃபை29 பாலிமரேஸால் பெருக்குவர். இம்முறை சிறியவற்றுக்கே சாதகமாதலின், எதிருயிரி எதிர்ப்பு மரபணுக்களை அடிக்கடி சுமந்து திரியும் பெரிய பிளாஸ்மிட்டுகள் தப்பிவிடக்கூடும். அதனை அலட்சியம் செய்தல் தகாது. எந்தப் பிளாஸ்மிட் எந்தப் பாக்டீரியாவுக்குரியது என்பதை, உயிரணுவினுள் அருகருகே கிடக்கும் டி.என்.ஏ.க்களைப் பிணைத்துப் பின் வரிசையறியும் ஹை-சி முறை புலப்படுத்துகிறது.