யானை ஊர்வலமும் பீரங்கி வாயும்: வெரெஷ்சாகின் கண்ட இந்தியா

கிடர்பூரிலிருந்து ஆதிகங்கைப் பாலத்தைக் கடந்து, குதிரைப் பந்தயத் திடலின் ஓரமாக நடந்தே விக்டோரியா நினைவு மண்டபத்தை அடைந்துவிடலாம். அங்கே ஏறத்தாழ 23 அடி அகலமும் 16 அடி உயரமும் கொண்ட ஓர் ஓவியம் இருக்கிறது. ஒரே கித்தானில் தீட்டப்பட்ட உலகின் மிகப்பெரிய ஓவியங்களுள் ஒன்று என அதைச் சொல்வர். 1876ஆம் ஆண்டு வேல்ஸ் இளவரசர், ஜெய்ப்பூர் மன்னர் ராம்சிங்குடன் யானைமீது அமர்ந்து அந்நகருக்குள் நுழைந்த காட்சி அது. பொன்னிழைத்த முகபடாம்கள், வெயிலில் ஒளிரும் பட்டு, அணிவகுக்கும் சேவகர்கள். காண்போர் அதை அரச விசுவாசத்தின் வெளிப்பாடாகவே கொள்வர். வரைந்தவரின் வாழ்க்கையை அறிந்தபின் அப்படிக் கொள்வது எளிதன்று.

வசீலி வெரெஷ்சாகின் 1842இல் ரஷ்யாவின் செரெபோவெத்ஸ் நகரில் பிறந்தவர். கடற்படைப் பயிற்சிப் பள்ளியில் முதல் மாணவராகத் தேறியும், அப்பணியைத் துறந்து ஓவியக் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். பின்னர்ப் பாரிசில் ழெரோமிடம் பயின்றார். 1867இல் தளபதி காஃப்மனின் படையோடு மத்திய ஆசியாவுக்குச் சென்றார். மறு ஆண்டு சமர்கந்துக் கோட்டை முற்றுகையிடப்பட்டபோது, ஓவியராகச் சென்றவர் துப்பாக்கி ஏந்திப் போரிட்டார். வீரத்திற்காகப் புனித ஜார்ஜ் சிலுவை விருதும் பெற்றார்.

அங்குக் கண்டவற்றையே பிறகு வரைந்தார். ‘போரின் உன்னதம்’ என்னும் 1871ஆம் ஆண்டு ஓவியத்தில் மண்டையோடுகள் ஒரு குன்றாகக் குவிந்திருக்கும், சுற்றிலும் காகங்கள். அதற்கு அவர் முதலில் கருதிய பெயர் தைமூரின் வெற்றியைக் குறிப்பது. அப்பெயர் நிலைத்திருந்தால் அது ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கொடுங்கோலனின் கதையாக முடிந்திருக்கும். அவரோ பெயரை மாற்றி, முன்பிருந்த, இன்றிருக்கிற, இனி வரப்போகிற மாபெரும் வெற்றியாளர் அனைவருக்கும் உரித்தாக்குவதாகச் சட்டத்தில் பொறித்தார். மொழியியல் பயின்றவள் என்ற வகையில் என்னை நிறுத்திவைத்தது இந்த இடந்தான். வண்ணத்தில் எதையும் திருத்தாமல், பெயரின்வழியே இறந்தகால நிகழ்வொன்றை முக்காலத்துக்கும் உரியதாக்கிவிட்டார்.

அதற்கான விலையையும் அவர் கொடுக்க நேர்ந்தது. 1874இல் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்த கண்காட்சியில், போர்க்களத்தில் கைவிடப்பட்ட ரஷ்யச் சிப்பாயின் பிணத்தைக் காட்டிய ‘மறக்கப்பட்டவன்’ உள்ளிட்ட படங்கள் ரஷ்யப் படையை இழிவுபடுத்துவதாகக் கண்டிக்கப்பட்டன. மூன்று ஓவியங்களை அவர் தம் கையாலேயே எரித்தார். அதே ஆண்டு இந்தியாவுக்குப் புறப்பட்டார்.

1876 வரை இமயமலைப் பகுதிகளிலும் வட இந்திய நகரங்களிலும் அலைந்த அவரை, ரஷ்ய ஒற்றரோ என ஆங்கிலேய அதிகாரிகள் ஐயுற்றனர். வணிகராக வந்து முகலாயப் பேரரசரிடம் அனுமதி வேண்டிய ஆங்கிலேயர் இந்நாட்டை எவ்வாறு கைப்பற்றினர் என்பதைத் தொடர் ஓவியங்களாகத் தீட்ட அவர் திட்டமிட்டார். ஜெய்ப்பூர் ஊர்வலம் அந்தத் தொடரைச் சேர்ந்தது. வணிகம் ஆட்சியாக முடிந்த கதையின் இறுதிக் காட்சி அது. தொடரோ முற்றுப்பெறவே இல்லை.

1882–83இல் மீண்டும் வந்து சென்றபின் இன்னோர் இந்திய ஓவியத்தை வரைந்தார். வெண்ணிற உடையணிந்த தாடி வைத்த முதியவர் ஒருவர் பீரங்கி வாயில் கட்டப்பட்டிருக்கிறார். அவருக்கு அப்பால் வரிசையாக மேலும் பீரங்கிகள், ஒவ்வொன்றிலும் ஒரு மனிதர். 1857 கிளர்ச்சியின்போது பரவலாகவும், 1872இல் மாலேர்கோட்லாவில் நாம்தாரி சீக்கியர்மீதும் நிறைவேற்றப்பட்ட தண்டனை இது. தமிழ் வாசகருக்கும் இது அந்நியமன்று: 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பின்னும் சிப்பாய்கள் இவ்வாறே கொல்லப்பட்டனர். ஆனால், ஓவியத்திலுள்ள ஆங்கிலச் சிப்பாய்களின் சீருடை 1857க்கு உரியதன்று. ஓவியரின் சமகாலத்துக்கு உரியது. 1887இல் லண்டனில் இது காட்டப்பட்டபோது, கைவிடப்பட்ட பழைய வழக்கம் என்று மறுப்பு எழுந்தது. தேவை நேர்ந்தால் மீண்டும் செய்வார்கள் என்பதே அவர் விடை. தைமூரின் குன்றுக்குச் செய்ததையே இங்கும் செய்தார். பெயருக்குப் பதில் சீருடை.

இன்று யானை ஊர்வலம் பளிங்கு மண்டபத்தில் பாதுகாக்கப்படுகிறது. பீரங்கி ஓவியமோ விற்பனைக்குப் பின் காணாமற்போய், நிழற்படப் பிரதியாக மட்டும் எஞ்சியிருக்கிறது. நீண்ட வாக்கியம் ஒன்றின் கடைசிச் சொல்லை மட்டும் பிரித்தெடுத்து மாட்டிவைத்ததைப் போன்ற நிலை இது. முன்னிருந்த சொற்கள் இல்லாததால் குற்றச்சாட்டு வாழ்த்துரையாக ஒலிக்கிறது. ஒரு படைப்பைத் தடைசெய்யாமலும் எரிக்காமலும் அதன் பொருளை மாற்றிவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1904 ஏப்ரலில், ரஷ்ய–ஜப்பானியப் போரை வரையச் சென்ற வெரெஷ்சாகின், ஆர்தர் துறைமுகத்தருகே கண்ணிவெடியில் மூழ்கிய ‘பெத்ரோபாவ்லோவ்ஸ்க்’ போர்க்கப்பலில் மாண்டார். கடற்படையைத் துறந்தவரைக் கடலும் போரும் சேர்ந்தே கொண்டுபோயின.

விக்டோரியா மண்டபத்துக்குச் செல்வோர் அந்த யானைகளின்முன் சற்றுக் கூடுதலாக நிற்க வேண்டுகிறேன். இளவரசரைப் பார்த்தது போதும். அவர் அங்கு வந்து சேர்ந்த வழியை நினைத்துப் பாருங்கள். ஓவியர் காட்ட விரும்பியதும் அதுவே.