முத்திரையில் நிற்கும் கோபுரம்

தமிழ்நாட்டில் எழுத்தறியாதவரும் கண்டறிந்த ஓவியம் ஒன்று உண்டு. அது ஆலயச் சுவரில் தீட்டப்பட்டதன்று; அரண்மனைக் கூடத்தில் மாட்டப்பட்டதுமன்று. பள்ளியிறுதிச் சான்றிதழிலும், குடும்ப அட்டையிலும், அரசாணையின் தலைப்பிலும் அதனைக் காண்கிறோம். அரசு முத்திரை என்று நாம் வழங்கும் வட்டச் சித்திரமே அது. நாள்தோறும் நம் கையில் தவழ்வதாலோ என்னவோ, அதனை உற்று நோக்குவோர் மிகச் சிலர். அது தோன்றிய வரலாற்றையும், அதன் அமைப்பில் பொதிந்துள்ள சித்திர நெறிகளையும் இன்று சிறிது ஆராய்வோம்.

இம்முத்திரை 1949-ஆம் ஆண்டில் உருவாயிற்று. வரைந்தவர் மதுரையைச் சேர்ந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ். அவ்வாண்டு ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் இராசபாளையத்தைச் சேர்ந்த பி. எஸ். குமாரசாமி ராஜா. தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்காக ஈந்த பெருமகனார் அவர். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்திற்கும் இடைப்பட்ட வன்னியம்பட்டிப் பகுதியில் வாழும் எம் போன்றோர், "நம் ஊர்க்காரர் ஆண்டபோது நம் கோபுரம் முத்திரையில் ஏறிற்று" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. கேட்பதற்கு இனிய பேச்சுத்தான். ஆனால் ஆண்டுகள் ஒத்துவருவது மட்டுமே வரலாற்றுச் சான்றாகிவிடாது. வகுப்பில் மாணவன் இப்படி விடை எழுதினால் பாதி மதிப்பெண்ணுக்குமேல் கொடுக்க மாட்டேன்.

முத்திரையில் உள்ளவை யாவை? நடுவே ஓங்கி நிற்பது கோபுரம். அதன் முன்னே, அடியில், அசோகரது சாரநாத் தூணின் சிங்கத் தலைப்பு. இருமருங்கிலும் நாட்டுக்கொடி. சுற்றிலும் வட்டமாக எழுத்து. இவ்வளவே. மூலச் சிற்பத்தில் நான்கு சிங்கங்கள் முதுகோடு முதுகு பொருந்த நிற்கின்றன. தட்டையான தாளில் வரையும்போது நான்காவது மறைந்து மூன்றே தெரிகின்றன. பீடத்தின் கீழுள்ள கவிழ்ந்த தாமரையையும் சின்னத்தில் நீக்கிவிட்டனர். இவ்வுருவம் 1950 ஜனவரி 26 அன்று இந்திய நாட்டுச் சின்னமாக முறைப்படி ஏற்கப்பட்டது. எதைக் காட்டுவது என்பதினும் எதை விடுவது என்பதே சின்னம் வரைவோனுக்குப் பெருஞ்சோதனை என்பதனை இத்தாமரையே உணர்த்தும்.

சித்திரத்திற்கு உறுப்புகள் புள்ளி, கோடு, வடிவம், நிறம் என்பன. புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் நம் வீட்டுப் பெண்கள் இதனை எவரிடமும் பாடமாகக் கேட்டதில்லை. உறுப்புகளை இணைத்து உயிர் தரும் நெறிகள் வேறு: சமநிலை, அளவுப் பொருத்தம், வேறுபாடு, ஒழுங்கான அடுக்கு, முதன்மை, ஒருமை. பெயர்கள் பெரியவையாகத் தோன்றலாம். முத்திரையைக் கண்முன் வைத்துக்கொண்டால் அனைத்தும் எளிதில் விளங்கும்.

கோபுரத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் இராசகோபுரம் பதினொரு நிலைகள் கொண்டது. உயரம் 192 அடி என்பர். அடிப்பகுதி கல், மேற்பகுதி செங்கல்லும் சுதையும். ஒவ்வொரு நிலையும் தன் கீழுள்ள நிலையினும் அகலத்தில் குறைந்துகொண்டே போகிறது. கீழே நின்று பார்க்கும் கண், கிடைக்கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றி ஏறுகிறது. ஏற ஏற அவை குறுகுவதால் உள்ள உயரத்தினும் மிகுந்த உயரம் தோன்றுகிறது. பாட்டில் அடிதோறும் சீர் குறைந்து வரினும் ஓசை கெடாமல் நடப்பது போன்ற ஒழுங்கு இது. இதனைக் கட்டிய தச்சரும் கொத்தரும் சித்திர இலக்கணத்தைக் கல்லிலும் சுண்ணத்திலும் எழுதி வைத்தனர் என்றே சொல்ல வேண்டும்.

இனி முத்திரைக்கு வருவோம். வட்டம் எல்லாத் திசையிலும் ஒரே தன்மையது. அதற்கு மேல் கீழ் என்பதில்லை. அதனுள் நிமிர்ந்த வடிவம் ஒன்றை நிறுத்தியவுடன் மேலும் கீழும் பிறந்துவிடுகின்றன. அடி அகன்று முடி குறுகிய கோபுரம் தானே உறுதியாக நிற்கும் வடிவம். ஆயினும் அதன் தோள்களுக்கு அருகே இருபுறமும் வெற்றிடம் எஞ்சும். அவ்வெற்றிடத்தைக் கொடிகள் ஏற்றுக்கொள்கின்றன. வலத்தில் ஒன்று, இடத்தில் ஒன்று. தராசின் இரு தட்டுகள் போல. சிங்கத் தலைப்பு கோபுரத்தின் ஒரு பகுதியை மறைத்து முன்னே நிற்பதால், தட்டையான வட்டத்தில் முன், பின் என்ற ஆழம் உண்டாகிறது. கோபுரம் பெரிது, ஆனால் பின்னே நிற்கிறது. சிங்கம் சிறிது, ஆனால் முன்னே நிற்கிறது. நாடு, மாநிலம் என்னும் இரண்டனுள் எதுவும் தாழாமல் அமைத்த இந்தத் திறமே முத்திரையின் உயிர்நிலை என்பது என் கருத்து.

இவ்விடத்தில் நெடுநாளைய வழக்கு ஒன்று குறுக்கிடுகிறது. முத்திரையில் உள்ளது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பதே பொதுவழக்கு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரத்தைப் பார்த்தே வரைந்ததாக ஓவியர் பிற்காலத்தில் கூறினார் என்னும் செய்தியும் உண்டு. மேலைக் கோபுரம் ஒன்பது நிலை, நம்முடையது பதினொன்று. நிலைகளை எண்ணி வழக்கைத் தீர்க்கலாமே என்று தோன்றும். கட்டைவிரல் அகலமுள்ள அச்சில் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கணக்கு வரும்.

வழக்கின் வேர் சித்திர நெறியிலேயே இருக்கிறது. மதுரைக் கோபுரங்களின் அழகு அவற்றின் சுதையுருவக் கூட்டம். இடைவெளியின்றித் தெய்வங்களும் பூதங்களும் நெருங்கி நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தில் சுதையுருவங்கள் மிகக் குறைவு. அதன் அழகு வெறும் கோட்டிலும் விகிதத்திலும் உள்ளது. சிறிய முத்திரையில் சுதையுருவங்களைக் காட்ட இயலாது. காட்டினால் மைக்கறையாகத்தான் தெரியும். ஆகவே எந்தக் கோபுரத்தைப் பார்த்து வரைந்தாலும் ஓவியர் உருவங்களைக் களைந்தே தீர வேண்டும். அவ்வாறு களைந்தபின் எஞ்சுவது எது? கோடும் விகிதமும். அதாவது, மதுரைக் கோபுரமும் உருவங்களை நீக்கினால் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தின் சாயலுக்கு வந்துவிடும். ஓவியரின் சொல்லும் மக்களின் கண்ணும் வேறு வேறு சான்று கூறுவதற்கு இதுவே காரணமாகலாம். எங்கள் பகுதியார் இவ்விளக்கத்தை முழுமனத்துடன் ஏற்பதில்லை. கோபுரத்தைப் பாதியாகப் பங்கிடுவதா என்று கேட்கிறார்கள்.

எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான அரசின் முத்திரையில் ஒரு கோயிற் கோபுரம் இருக்கலாமா என்று வினவியவரும் உண்டு. கோபுரம் தமிழகக் கட்டடக் கலையின் அடையாளம் என்பதே அதற்குச் சொல்லப்படும் விடை. 1967-இல் அறிஞர் அண்ணா ஆட்சிப் பொறுப்பேற்ற பின்னரும், 1969 ஜனவரி 14 அன்று மாநிலத்தின் பெயரே தமிழ்நாடு என மாறிய பின்னரும், கோபுரம் தன் இடத்திலேயே நின்றது.

முத்திரைக்கு உண்மையில் தீங்கு செய்வோர் அதனைப் படியெடுப்போரே. பெயர்ப்பலகையில் இடம் போதவில்லையென்று வட்டத்தை நீள்வட்டமாக அமுக்கிவிடுகின்றனர், கோபுரம் குதிராகிவிடுகிறது. கணிப்பொறி வந்தபின் இத்தவறு குறையும் என்று எதிர்பார்த்தேன், பெருகியிருக்கிறது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் படம் நீளும் என்பதனைப் பிள்ளைகள் விரைவில் கற்றுவிடுகின்றனர். விகிதம் கெடும் என்று சொல்லித்தரச் சித்திர ஆசிரியர் இல்லாத பள்ளிகள் பல.

இறுதியாக, விளிம்பிலுள்ள எழுத்துகள். மேலே 'தமிழ்நாடு அரசு'. கீழே 'வாய்மையே வெல்லும்'. நேர்கோட்டில் எழுதிப் பழகிய தமிழெழுத்தை வளைவில் நிறுத்துவது எளிதன்று. எழுத்தின் தலையிலுள்ள மெய்ப்புள்ளிக்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும். இரப்பர் முத்திரையில் மை மிகுந்தால் முதலில் அழிவது அப்புள்ளியே. 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறந்து, ணா, றா, னா, லை, ளை முதலிய எழுத்துகளின் வடிவம் மாறியபோது, எத்தனையோ பலகைகளைத் திருத்தி எழுத நேர்ந்தது. முத்திரை விளிம்பிலுள்ள நான்கு சொற்களில் மாற வேண்டிய எழுத்து ஒன்றுகூட இல்லை.