இழப்பீடு

இழப்பு + ஈடு. ‘இழ’ என்னும் வினையடியில் பிறந்தது இழப்பு. ஈடு என்றால் நிகர். ஈடுகட்டு, ஈடிணை என்பவற்றிலும் இதே ஈடுதான். பறிபோனதற்கு நிகராகத் தருவது இழப்பீடு; நட்ட ஈடு என்றும் வழங்கும்.

மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் சாலைக்காக அரசு நிலம் எடுத்தால், அலுவலக மலாயில் இது ‘பம்பாசான்’. தொகையைச் சொல்வது ‘பாரம் எச்’. தொகை குறைவென்று ‘பாரம் என்’ கொடுத்தால் விவகாரம் உயர்நீதிமன்றம் போகும்.

1938இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கார்டெல் ஹல், அமெரிக்கரின் சொத்துகளை எடுத்துக்கொண்ட மெக்சிகோவிடம் கேட்டது ‘உடனடியான, போதுமான, பயன்தரும்’ இழப்பீடு. மலேசிய அரசமைப்பின் 13ஆம் பிரிவும் ‘போதுமான’ என்றே சொல்கிறது.

எவ்வளவு போதும்? நீதிபதியுடன் அமரும் இரண்டு மதிப்பீட்டாளர்களின் கருத்தே முன்பு இறுதி முடிவு. 2017இல் செமெனி ஜெயா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது: நிபுணர் ஆலோசனை சொல்லலாம், தொகையைத் தீர்மானிப்பவர் நீதிபதி. நிலம் இழந்தவருக்கு இது பெரிய பாதுகாப்பு.