ஒப்புவித்தல்: வடசென்னையில் மனப்பாட வசன மரபு உருவான வரலாறு

முன்னுரை

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஓய்வுநாள் பள்ளி நடக்கும் அறையின் அருகே நின்றால் ஒரு குரல் கேட்கும். ஒரு பிள்ளை எழுந்து நின்று வேதவசனத்தைச் சொல்கிறது. சொல்லி முடித்ததும் அது எந்தப் புத்தகம், எந்த அதிகாரம், எத்தனையாவது வசனம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. எண் தவறினால் ஆசிரியை திருத்துவார்; பிள்ளை முதலிலிருந்து தொடங்கும். இதை இங்கே 'வசனம் ஒப்புவிக்கிறது' என்பார்கள்.

பார்வைக்கு எளிய இந்தப் பழக்கத்துக்குள் மூன்று அடுக்குகள் இருக்கின்றன: கத்தோலிக்கரின் மந்திரம், லுத்தரன் மிஷனரிகளின் வினாவிடை, அச்சு தந்த எண்ணிட்ட வசனம். மூன்றையும் இணைத்தது தமிழகத் திண்ணைப் பள்ளியின் நெட்டுரு முறை. அச்சு வந்ததும் மனப்பாடம் தேய்ந்துவிடும் என்ற பொதுவான எண்ணத்துக்கு இந்த வரலாறு இடம் தரவில்லை. அச்சு புதிய வகை மனப்பாடத்தையே உருவாக்கியது என்பது இக்கட்டுரையின் கருத்து.

வேதத்துக்குள்ளேயே மனப்பாடம்

வேதத்தை உள்ளத்தில் ஏந்தும் கட்டளை வேதத்திலேயே உள்ளது. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளிடம் கட்டளைகளைப் பேசவேண்டும் என்கிறது உபாகமம் 6-ஆம் அதிகாரம். 119-ஆம் சங்கீதம் எபிரேய அரிச்சுவடியின் 22 எழுத்துக்களுக்கும் எழுத்துக்கு எட்டாக 176 வசனங்கள் கொண்டது. ஒவ்வோர் எட்டும் அதற்குரிய எழுத்தில் தொடங்கும். நம் ஆத்திசூடி அகரவரிசையில் நினைவுக்குப் படிக்கட்டு கட்டித் தருவதைப் போன்ற ஏற்பாடு இது. 4-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பக்கோமியு மடங்களில் சேர்ந்தவர்கள் சங்கீதங்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம், ஆயராக வருபவர் சங்கீதப் புத்தகத்தை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும் என்று விதித்தது.

ராயபுரத்துக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு அப்போஸ்தலர் நடபடிகள் 2-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பெந்தெகொஸ்தே நாளில் எழுந்து பேசிய பேதுரு, யோவேல் தீர்க்கதரிசியையும் சங்கீதங்களையும் எடுத்துரைக்கிறார். அவர் மீனவர். அவர் படிப்பறியாதவர் என்பதை அதே நூல் 4-ஆம் அதிகாரத்தில் பதிவுசெய்கிறது. அவரிடம் இருந்தது காதால் கேட்டு மனத்தில் தங்கிய வேதம். தமிழ்க் கத்தோலிக்கர் அவரை ராயப்பர் என்பார்கள். ராயபுரம் என்ற ஊர்ப்பெயரை அந்தப் பெயரோடு தொடர்புபடுத்துவது இங்குள்ள வழக்கு.

மந்திரமும் வினாவிடையும்

தமிழகக் கடற்கரையில் கிறிஸ்தவ மனப்பாடத்தின் தெளிவான தொடக்கம் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார். விசுவாசப் பிரமாணம், பரமண்டல மந்திரம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழில் பெயர்க்கச் செய்து, முதலில் தாமே உருப்போட்டார். மணி அடித்துக்கொண்டு தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். தாம் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொல்ல, கற்றதை வீட்டில் பெற்றோருக்கும் சொல்லித்தர வேண்டும் என்று பணித்தார். 1545-இல் மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கினார். சவேரியாருக்குப் பின் அந்தக் கரையில் உழைத்த மிஷனரி ஹென்றிக் ஹென்றிக்கஸ் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' இந்த மந்திரங்களைத் தமிழ் எழுத்தில் தந்தது. இந்திய மொழி எழுத்தில் வெளிவந்த முதல் அச்சு நூல்களுள் ஒன்று மனப்பாடத்துக்கென்றே பிறந்தது என்பது நினைக்கத்தக்கது.

இந்த மரபே வடசென்னைக் கரையிலும் வேர்விட்டது. துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் கடலில் எட்டி நிற்கும். அலையைத் தாண்டி ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவை, கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலா படகுகள். அந்தப் படகோட்டிச் சமூகத்தார் 1829-இல் எழுப்பியது ராயபுரம் புனித பேதுரு ஆலயம். துடுப்புப் பிடித்த கையில் புத்தகம் பிடிக்க முடியாது. அவர்களிடம் இருந்த வேதம் பரமண்டல மந்திரம், பிரியதத்த மந்திரம், உபதேசியார் சொல்லித்தந்த ஞானோபதேசம் என்ற அளவில் வாய்க்குள் இருந்தது. மந்திரத்துக்கு எண் கிடையாது. தொடக்கமும் முடிவும் முறையுமே உண்டு.

1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, லுத்தரின் 1529-ஆம் ஆண்டுச் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கி மிஷன் பள்ளிகளில் நடத்தினார். கேள்வியை ஆசிரியர் கேட்க, பதிலைப் பிள்ளை சொல்லவேண்டும். அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்ச் 1728-இல் இந்தப் பணியைச் சென்னையில் நிலைப்படுத்தினார். பின்னாளில் ராயபுரத்தில் பள்ளியும் மருத்துவமும் நடத்திய ஸ்காட்லாந்து மிஷனும் இதே வினாவிடை மரபில் வளர்ந்ததுதான்: 107 கேள்விகள் கொண்ட வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடையை அந்நாட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்தார்கள். மந்திரத்தில் பலர் ஒரே குரலாகச் சேர்ந்தார்கள். வினாவிடையில் ஒருவர் தனியே எழுந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

திண்ணையின் பங்கு

மிஷனரிகள் வெற்றிடத்தில் பள்ளி தொடங்கவில்லை. சீகன்பால்கு தமிழ் கற்றதே திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துத் தடவித்தான். எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றை வேந்தன் என எல்லாமே அங்கு வாய்வழி ஏறின. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களிடம் பாடம் கேட்பான். திருவொற்றியூர்க் கோயிலில் ஓதுவார் தேவாரத்தைப் பண்ணோடு ஓதியதும் இந்தக் கேள்விவழிக் கல்வியின் உயர்ந்த வடிவமே.

இந்த முறை சென்னையிலிருந்து கடல் கடந்தது. 1789-இல் எழும்பூர் ஆண்கள் அநாதை இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் கண்ட மணல் எழுத்தையும், மாணவரே மாணவருக்குக் கற்பிப்பதையும் முறைப்படுத்தி, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் திருச்சபைப் பள்ளிகளில் பரவியது. ஆகவே மிஷன் பள்ளியின் ஒப்புவித்தல் முழுவதும் மேற்கிலிருந்து வந்தது என்று சொல்வது பிழை. அதில் ஒரு பங்கு இங்கிருந்து போனது.

எண் பெற்ற வசனம்

வேதாகமத்தின் அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய வசன எண்களைத் தந்தவர் பாரிஸ் அச்சகத்தார் ராபர்ட் எஸ்தியேன், ஆண்டு 1551. அச்சிடுபவரின் வசதிக்கும் வாசகரின் தேடலுக்கும் உதவிய அந்த எண் பக்தியின் வடிவத்தையே மாற்றியது. நீண்ட வேதத்திலிருந்து ஒரு வாக்கியத்தைத் தனியே எடுத்து, அது இருந்த இடத்தின் முகவரியோடு மனத்தில் வைக்க முடிந்தது. வேத வாசிப்பில் பழகாத ஒரு பாட்டிக்கும் யோவான் 3:16 என்றால் என்னவென்று தெரிவது இதனால்தான்.

எண்ணிட்ட வசனம் என்ற இந்த அலகை வாராந்திரப் பழக்கமாக்கியது ஓய்வுநாள் பள்ளி. ராபர்ட் ரெய்க்ஸ் 1780-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டரில் தொடங்கிய இயக்கம் அது. 1872-இல் அமெரிக்காவில் வகுத்த பொதுப்பாடத் திட்டம், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு 'பொன் வசனம்' குறித்தது. இந்திய ஓய்வுநாள் பள்ளி ஒன்றியம் 1876-இல் உருவானது. 1901-இல் நியூயார்க்கில் ராபர்ட் போவில் ஒழுங்குபடுத்திய விடுமுறை வேதாகமப் பள்ளி, இன்று கோடை விடுமுறையில் வடசென்னைச் சபைகளில் 'விபிஎஸ்' ஆக நடக்கிறது. வசனத்துக்கு மெட்டும் கைச்சைகையும் சேர்த்துப் பிள்ளைகள் கற்கும்போது, எண்ணிட்ட வசனம் ஓதுவாரின் பண்ணோடு மறுபடி உறவு கொள்கிறது.

மொழிபெயர்ப்பை ஆண்ட நினைவு

மனப்பாடத்தின் வலிமையை மொழிபெயர்ப்பு வரலாற்றில் தெளிவாகப் பார்க்கலாம். 1742 முதல் சென்னையில் உழைத்த லுத்தரன் மிஷனரி பப்ரிசியுஸின் புதிய ஏற்பாடு 1772-இல் வேப்பேரியில் அச்சானது. அதன்பின் மிஷனரி ரேனியுஸ் இயல்பான தமிழ்நடை வேண்டும் என்று புதிதாக மொழிபெயர்த்தார். ஆனால் வாயில் பழகிய பப்ரிசியுஸின் சொற்களை லுத்தரன் சபைகள் நெடுங்காலம் விடவில்லை. ஹென்றி பவர் குழுவின் 1871-ஆம் ஆண்டுப் பதிப்பு பப்ரிசியுஸை அடியொற்றிச் சென்றது. அதுவே பெரும்பாலான புராட்டஸ்டண்டு சபைகளில் நிலைத்தது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'கர்த்தர்' என்பதை 'ஆண்டவர்' என்றும் 'சுவிசேஷம்' என்பதை 'நற்செய்தி' என்றும் தெளிவான தமிழில் தந்தது. கத்தோலிக்கர் அதை ஏற்றார்கள். பழைய மொழிபெயர்ப்பில் சங்கீதம் 23-ஐ உருப்போட்டு வளர்ந்தவர்களோ மாறவில்லை. இதைப் பழமைப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. மரணப் படுக்கையில் தாய் சொன்ன சொல்லை மாற்றிச் சொல்ல எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது.

தொழிற்சாலைக் காலம்

1856-இல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டை நோக்கி ரயில் ஓடியது. அடுத்த நூற்றாண்டில் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் (1948), திருவொற்றியூரில் என்பீல்டு (1955), எண்ணூர் அனல்மின் நிலையம் (1970) என இந்தக் கரை தொழிற்சாலைப் பட்டையாயிற்று. ஷிப்டு வேலை ஆளின் நேரத்தை எடுத்துக்கொண்டது. இயந்திரம் கையை எடுத்துக்கொண்டது. படகோட்டிக்கு மந்திரம் தந்த வசதியை இப்போது வசனம் தந்தது. அதற்கு விளக்கும் வேண்டாம், மேசையும் வேண்டாம். ஆண்டின் கடைசி இரவு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டை அலமாரிக் கண்ணாடியில் ஓராண்டு ஒட்டியிருந்து, வீட்டாரின் நாவில் ஏறிவிடும். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவியர் 1728 முதல் நாளுக்கொரு வசனம் வழங்கிய மரபுக்கு இது நெருங்கிய உறவு.

முடிவுரை

இன்று வசனம் காலையில் கைப்பேசிக்கு வருகிறது. படமும் பூவும் சேர்த்து வருவதை நாம் அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம். ஆனால் அதை வாங்கிக்கொள்ள எதிரில் ஒருவர் உட்கார்ந்திருப்பதில்லை. மந்திரம், வினாவிடை, வசனம் என்று அலகு மாறிய நானூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் மாறாமல் இருந்தது அந்த எதிரிலிருக்கும் ஆள்தான்: உபதேசியார், சட்டாம்பிள்ளை, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, வீட்டில் அம்மா. பொருள் அறியாத நெட்டுரு கிளிப்பிள்ளைப் பேச்சாகிவிடும் என்ற எச்சரிக்கை சரியானது. அதற்கு மருந்து மனப்பாடத்தைக் கைவிடுவதில் இல்லை. கேட்கிறவர் அங்கே இருந்து, பிள்ளை சொன்னதைப் பற்றி அதனோடு பேசவேண்டும்.

தமிழ் இதற்குத் தந்த சொல்லிலேயே இந்த உண்மை அடங்கியிருக்கிறது. ஒப்புவித்தல் என்றால் பாடத்தைச் சொல்வது. ஒருவர் கையில் பத்திரமாகக் கொடுப்பதும் அதுவே. தாம் பெற்ற நற்செய்தியைச் சபைக்குக் கொடுத்ததைப் பவுல் சொல்லுமிடத்தில் (1 கொரிந்தியர் 15:3) தமிழ் வேதாகமம் ஆள்வது இந்தச் சொல்லைத்தான். சிலுவையில் இயேசு தம் ஆவியைப் பிதாவின் கைகளில் விடுமிடத்திலும் (லூக்கா 23:46) இதே சொல். அந்தக் கடைசி வாக்கும் 31-ஆம் சங்கீதத்தின் 5-ஆம் வசனம். மூச்சு அடங்கும் நேரத்தில் அவர் நாவில் வந்தது மனப்பாட வசனம். ராயபுரத்துப் பிள்ளை எழுந்து நின்று எண்ணோடு ஒப்புவிக்கும்போது கற்றுக்கொள்வது இந்தக் கொடுத்தலைத்தான்.