மூலிகை மலைக்குக் கீழே

திருவந்திபுரத்து ஔஷதகிரியை அனுமன் கொண்டுபோன சஞ்சீவி மலையின் துண்டு என்பார்கள். மருந்து வந்த கதை இருக்கிறது. விழுந்துகிடந்தவர்களைப் புரட்டிப் படுக்கவைத்தவரின் கதை இல்லை.

பக்கவாதத்திலும் அப்படித்தான். 2014-ல் இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் ‘அட்டெண்ட்’ ஆய்வு தொடங்கியது. நோயாளிகள் 1,250 பேர். பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப்பேருக்கு அதோடு, வீட்டாரில் ஒருவரை வார்டிலேயே பழக்கினார்கள்: கைகால் பயிற்சி, எழுப்பி உட்காரவைப்பது, நடக்கவைப்பது. வீட்டிலும் அது தொடர்ந்தது. 2017-ல் லான்செட்டில் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் இரு தரப்பிலும் 47 சதவீதம். கூடுதல் பலன் இல்லை. அந்த ‘வீட்டாரில் ஒருவர்’ எங்கள் பக்கத்தில் மனைவி, மகள், இல்லாவிட்டால் மருமகள்.

2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோதெரபியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. நல்லதுதான். வந்தவர் போனபின், இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப்போடுவது அவள்தான்.