நுதலியது அறிதல்: இளம் மாணவர்க்குக் கருத்துணர்த்தும் மரபு

ஒரு பத்தியின் முதன்மைக் கருத்தையும் அதனைத் தாங்கி நிற்கும் துணைக் கருத்துகளையும் பிரித்தறியச் செய்தல் தொடக்கப்பள்ளித் தமிழ்ப் பாடத்தின் அடிப்படைத் திறன்களுள் ஒன்று. இதனை மேலைக் கல்வியியல் தந்த புதுவரவு எனக் கருதுவோர் உளர். அது முழுதும் ஏற்புடையதன்று. எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று கூறி அமைவதும் பொருந்தாது. மரபில் இத்திறன் யாருக்குக் கற்பிக்கப்பட்டது என்னும் வினாவையே ஈண்டு நாம் எழுப்ப விரும்புகின்றோம்.

தொல்காப்பிய மரபியல் எண்ணும் 32 உத்திகளுள் முதலாவது ‘நுதலியது அறிதல்’ என்பதாகும். நுதலுதலாவது ஒன்றைப் பொருளாகக் கொண்டு சொல்லப் புகுதல். எனவே, ஒரு பகுதி எதனைப் பற்றியது என அறிதலே உத்திகளின் தலைவாயிலாக வைக்கப்பட்டது எனலாம். இளம்பூரணர் நூற்பாவுக்கு உரை காணும்போது, அஃது எதனை ‘உணர்த்துதல் நுதலிற்று’ என்று முதற்கண் உரைத்துவிட்டே சொற்பொருளுக்குள் புகுவது வழக்கம். நன்னூலாரோ உரையின் உறுப்புகளாகப் பதினான்கைக் கூறி, காண்டிகையுரைக்குக் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு ஆகிய மூன்றும், அவற்றோடு வினாவும் விடையும் போதும் என வரையறுத்தார். இவ்வரிசை கருதத்தக்கது. வினா விடைக்கு முன்னரே கருத்து இங்கு நிற்கிறது.

எனினும் இவையெல்லாம் முதிர்ந்த மாணாக்கர்க்கு உரியவை. திண்ணைப் பள்ளிச் சிறுவன் மணலில் எழுத்துப் பழகி, ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் எண்சுவடியையும் மனனம் செய்தான். பொருள் பின்னர் விளங்கும் என்பதே அங்கு நிலவிய நம்பிக்கை. ஓரடியில் ஒரு கருத்து முற்றுப்பெறும் அந்நூல்களில் துணைக் கருத்தைத் தேடவும் இடமில்லை. அம்முறையை இகழ்வது நம் நோக்கமன்று. நினைவாற்றலுக்கும் செவிப்பயிற்சிக்கும் அது செய்த உதவி பெரிது. ஆனால், விரிந்த பொருளைத் தொகுத்துக் காணும் பயிற்சிக்குத் தொடர்ந்து செல்லும் உரைநடை வேண்டும். அதனைச் சிறுவர் கைக்குக் கொண்டு சேர்த்தவர்களுள் ஆறுமுக நாவலர் முதன்மையானவர். 1850ஐ ஒட்டி வெளிவரத் தொடங்கிய அவருடைய பாலபாடங்கள் தலைப்பிட்ட உரைநடைப் பாடங்களைச் சிறுவர்க்குத் தந்தன.

மலாயாவின் தோட்டப் பள்ளிகள் பலவற்றில் ஓராசிரியரே பல வகுப்புகளை ஒருசேர நடத்தினார். அச்சூழலில் உரக்கப் படித்தலும் பார்த்தெழுதுதலும் மேலோங்கியதில் வியப்பில்லை. 1983இல் நாடு முழுவதும் அறிமுகமான தொடக்கப்பள்ளிக்கான புதிய கலைத்திட்டம் திறன்வழிக் கற்பித்தலை முன்வைத்தது. 1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு ‘கருத்துணர்தல்’ என்னும் பெயரைத் தாளின் மீதே பொறித்தது. பெயர் நல்ல பெயர்தான். ஆயினும், பல்தேர்வு வினாக்கள் நிறைந்த தாளுக்கு ஆயத்தம் செய்த வகுப்புகளில் வினாவே முன்னின்றது. வினாவிலுள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அச்சொல் நிற்கும் வரியை விடையாகக் கொள்ளும் பழக்கம் மாணவரிடையே வேரூன்றியது. நன்னூலார் வைத்த வரிசை தலைகீழானது. 2021இல் அத்தேர்வு கைவிடப்பட்டது. பழக்கமும் உடன் போயிற்றா என்பதை ஆசிரியர்களே நன்கறிவர்.

இங்கு இன்னொரு செல்வாக்கையும் சுட்ட வேண்டும். அபர்தீன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் பெயின் 1866இல் வெளியிட்ட ஆங்கிலக் கட்டுரையியல் நூலில், பத்தியின் பொருளை அதன் முதல் வாக்கியம் புலப்படுத்த வேண்டும் என விதித்தார். எழுதுவோர்க்கான அவ்விதி காலப்போக்கில் படிப்போர்க்கான குறுக்குவழியாக உருமாறியது. முதல் வாக்கியத்தைப் பார், கருத்து கிட்டும் என்பது நம் ஆசிரியர் பலரும் கேட்டறிந்த அறிவுரையே.

தமிழில் அது எப்போதும் செல்லாது. திருக்குறளின் முதற்குறளில் எழுத்துகளைப் பற்றிய எடுத்துக்காட்டு முன்னும், உலகைப் பற்றிய கருத்து பின்னும் அமைந்துள்ளன. சிறுவர் எளிதில் படிக்கும் பத்தி ஒன்றைக் காண்போம்: “ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தன. கரையில் நெகிழிப் பைகள் குவிந்து கிடந்தன. நீர் கறுத்து நாற்றமடித்தது. ஆறு மாசடைந்துவிட்டது.” முதல் வாக்கிய விதியைக் கற்ற மாணவன் மீன்களைப் பற்றிய பத்தி என்றே விடை தருவான். பிழை அவனுடையதன்று.

இப்பத்தியின் இறுதி வாக்கியத்தை நீக்கிவிட்டு, அதனை மாணவரே இயற்றுமாறு பணிக்கலாம். ‘மீன்கள் இறந்தன’ என்று ஒருவன் கூறினால், உடனே தவறு என்று மறுக்க வேண்டியதில்லை. அவன் கூறிய கருத்தின்கீழ் நெகிழிப் பைகளைப் பற்றிய வாக்கியத்திற்கு இடமுண்டா என்று வினவினால் போதும். ஒவ்வொரு வாக்கியத்தையும் அவ்வாறு பொருத்திப் பார்க்கும்போது, இடமின்றி நிற்கும் வாக்கியமே அவன் கருத்தைத் திருத்திவிடும். மரபியல் அதே உத்தி வரிசையில் அடுத்தடுத்துக் கூறும் ‘தொகுத்துக் கூறல்’, ‘வகுத்து மெய்ந்நிறுத்தல்’ என்பவற்றை இரண்டாம் ஆண்டு மாணவனும் இவ்வாறு செய்து பழகலாம். அப்பெயர்களை அவன் அறிய வேண்டிய தேவையில்லை.